டாக்டரிடம் பாதி சொன்ன அண்ணா

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அண்ணாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று அம்மா என்னை உட்கார வைத்திருக்கிறார். நல்லது நாலு பக்கத்துக்கு இருக்கிறது. ஆனால் திட்டாமல் அண்ணாவை நினைக்க எனக்கு வராது. உறவினர்களும் சபையாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணா பிறந்தது வண்டலூரில். அப்பா அங்கே ரயில்வே கேட்டில் வேலை பார்த்தார். அப்பா தவறியபோது அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. படிப்பை விட்டுவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் டைம் கீப்பராகச் சேர்ந்தார். மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, என்னை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தார். அவருக்கென்று ஒரு சட்டை எடுக்க வேண்டுமென்றால் கிறிஸ்துமஸ் வர வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் எனக்குப் பல்லாவரத்தில் வரன் அமைந்தது. அதே சமயத்தில்தான் அண்ணாவுக்கு இருமல் ஆரம்பித்தது. கேட்டால், "கம்பெனித் தூசும்மா" என்பார். ஆள் இளைத்துக்கொண்டே போனார். பிறகு டாக்டரிடம் போக ஆரம்பித்தார். சும்மா டாக்டர் இல்லை, ஸ்பெஷலிஸ்ட்! மாம்பலத்தில் ஹார்ட் டாக்டர், அடுத்த மாதம் காது மூக்கு தொண்டை டாக்டர், அதற்கடுத்து வயிற்று டாக்டர். "என் பிள்ளை ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்கிட்டயே காட்டுறான்" என்று அம்மா தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும்தான் நம்பினேன். என்னை என்ன சொல்ல!

ஒரே ஒரு டாக்டரிடம் மட்டும் அண்ணா போகவில்லை. தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்கினால் நெஞ்சு நோய்க்கான பெரிய ஆஸ்பத்திரி. கையில் எக்ஸ்ரே கவரோடு அங்கே இறங்கினால் போதும், டி.பி. என்று ரயில் பெட்டியே முடிவு கட்டிவிடும். அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பது. இரண்டு ஓலை முடிந்த மறுநாள், ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் அண்ணா உட்கார்ந்துவிட்டார். "நீ போம்மா, டிரெயின் போயிடும்" என்றார். போவேனா நான்? வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்து, அவர் பையிலிருந்த மூன்று டாக்டர்களின் சீட்டையும் எடுத்துக்கொண்டு, எங்கள் தெருமுனை டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

"ஹார்ட் டாக்டர்கிட்ட இருமல் இருக்குன்னு சொன்னீங்களா?"

"இல்ல சார். நெஞ்சு வலி மட்டும்."

"தொண்டை டாக்டர்கிட்ட?"

"இருமல் மட்டும்."

"வயித்து டாக்டர்கிட்ட?"

"பசி இல்லன்னு."

"சாயங்காலத்துல காய்ச்சல் வருதா?"

அண்ணா என்னைப் பார்த்தார். "வருது சார். அதை யார்கிட்டயும் சொல்லல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க மேல தப்பே இல்லப்பா. ஆளைத் துண்டு போட்டு மூணு இடத்துல காட்டினா, அவங்க என்ன பண்ணுவாங்க?" உடனே எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, நெஞ்சு ஆஸ்பத்திரி டாக்டருக்குக் கடிதம் எழுதினார்.

"மூணாவது ஓலை முடியட்டும் சார், கல்யாணம் முடிஞ்ச உடனே போயிடறேன்" என்றார் அண்ணா.

எனக்கு வந்ததே கோபம்! "மூளை இருக்கா உங்களுக்கு? நீங்க இல்லாம எனக்கு எதுக்குக் கல்யாணம்?" என்று டாக்டர் முன்னாலேயே கத்தினேன், அழுதேன். மறுநாள் காலை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்டேஷனில் இறங்கினேன். எக்ஸ்ரே கவர் என் கையில்தான் இருந்தது.

டி.பி.தான். அட்மிட் செய்தார்கள். அந்த வாரமே நான் பல்லாவரம் போய், மாமியாராக வர இருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ எக்ஸ்ரே எடுத்தியா?"

"எடுத்தேன் மாமி. எனக்கும் அம்மாவுக்கும் ஒண்ணும் இல்ல."

"சரி. அண்ணன் எழுந்து வரட்டும். ஓலையை அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணா பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், மாத்திரை விழுங்கினால் சரி என்று நானும் விட்டுவிட்டேன். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, மூன்று ஓலையும் முதலிலிருந்து மறுபடி வாசித்தார்கள். ஆனால் தாமதித்த மாதங்கள் தாமதித்தவைதான். அண்ணாவின் நுரையீரலில் ஒரு பக்கம் தேறவே இல்லை. அதன் பாரம் இருதயத்துக்குப் போய், பன்னிரண்டு வருஷம் கழித்து அவரைக் கொண்டுபோய்விட்டது. அது எனக்காகப் போன உயிர் என்று தெரியும். அதற்காக இன்றுவரை அவர்மேல் எனக்குக் கோபம்தான்.

தெருமுனை டாக்டருக்கும், வார்டில் அண்ணாவை மகனைப் போலப் பார்த்த நர்ஸம்மாக்களுக்கும், காத்திருந்த என் கணவருக்கும் மாமிக்கும், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், ஜெபித்த சபைப் போதகர் ஐயருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசி நாட்களில் பார்த்த ஹார்ட் டாக்டருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். என்ன செய்கிறது என்று அவர் ஒரு வார்த்தைதான் கேட்டார். அண்ணா மூச்சு வாங்க வாங்க, பழைய காய்ச்சலில் தொடங்கி, கால் வீக்கம், தூக்கம், ராத்திரி எத்தனை தலையணை என்பதுவரை ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "இவ்வளவு விவரமா யாருமே சொல்றதில்ல சார்" என்றார்.

அண்ணா என்னைக் காட்டிச் சிரித்தார். "இவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு டாக்டர். இனிமே மறைக்க ஒண்ணுமில்ல."