கீழே அடித்தால் மேலே போகும் பந்து

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தால் அவர்களோடு கோல்ஃப் ஆடுவது எங்கள் ஆபீஸில் வழக்கம். போன மாசியில் வரவிருந்த ஆட்டத்துக்கு நான்கு பேரில் ஒருத்தியாக என்னையும் மேலாளர் சேர்த்திருந்தார். "ஒரு மாசம் டைம். பந்து கிளம்பலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. விட்டுக்கொடுக்கிற எண்ணமும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எந்த வகுப்பிலிருந்தும் பாதியில் எழுந்து வந்ததில்லை.

சென்னையில் நான் முதலில் போன பயிற்சியாளர் அதிகம் பேசமாட்டார். "யோசிக்காதீங்க, வீசுங்க" என்பார். ஏன் இப்படி வீச வேண்டும் என்று கேட்டால் சிரிப்பார். என் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்று தெரிந்ததும், "அப்புறமென்ன, நாத்து நட்ட கை. தானா வரும்" என்றார்.

என் கை நாற்று நட்ட கை இல்லை. நடவு நாளில் வரப்பில் போய் நின்றாலே அம்மா, "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று விரட்டுவாள். நான் சேற்றில் இறங்கக் கூடாது என்பதற்காக அவளே என் பங்கையும் சேர்த்து நட்டாள். இதையெல்லாம் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. அடுத்த வாரம் போகவில்லை.

இரண்டாவது பயிற்சியாளர் என்னைவிட ஓரிரு வயது மூத்த பெண். நேர் எதிர். நான் மட்டை வீசுவதைப் போனில் படம் பிடித்து, அதன்மேல் கோடு போட்டுக் காட்டுவார். முட்டி ஏன் மடங்க வேண்டும், மணிக்கட்டு ஏன் அவசரப்படக் கூடாது, எல்லாவற்றுக்கும் காரணம் சொல்வார். இவர்தான் எனக்கான ஆள் என்று நினைத்து, சொன்னதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதினேன். நோட்டு நிறைந்தது. பந்து மட்டும் புல்லை உரசிக்கொண்டே ஓடியது.

"எல்லாம் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. அப்புறம் ஏன் பந்தைக் கீழேயிருந்து அள்ளுறீங்க?" என்று அவரே அலுத்துக்கொண்டார்.

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊருக்குப் போனேன். ஒரு மட்டையும், பயிற்சிக்கென்று ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்துகள் கொஞ்சமும் கொண்டுபோயிருந்தேன். சம்பா அறுவடை முடிந்து, அறுத்த நெல் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருந்தது.

"உளுந்துல கால வெச்சே, அந்த மட்டைய அடுப்புல வெச்சிருவேன்" என்றாள் அம்மா.

அதனால் நெல்லடிக்கும் களத்தில் நின்று அடித்தேன். ஓரமாக உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, அந்த மட்டை மூஞ்சி ஏன் சாஞ்சிருக்கு?"

"பந்து மேல எழும்பறதுக்குப்பா."

"மேல எழும்பணும்னா நீ கீழேருந்துதானே தூக்கணும்?"

"தூக்கக் கூடாதுப்பா. கீழ பாத்து அடிக்கணும். சாய்வே அதைத் தூக்கிடும்."

"அப்ப நீ ஏன் தூக்குற?"

அம்மா முறத்தோடு நின்று சிரித்தாள்.

சின்ன வயதில் தினமும் நடந்ததுதான் இது. சாயங்காலம் அப்பா கைகால் கழுவிவிட்டு வந்து, "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்பார். அப்பா, அம்மா இருவருக்கும் படிக்கத் தெரியாது. நான் பாடத்தைச் சொல்லுவேன். அப்பா கூடுதலாக ஒரு கேள்வி கேட்பார், நான் மறுபடி புத்தகத்தைத் திறப்பேன். பண்ணையில் வேலை பார்த்த காலத்தில் அவரை யாரும் ஏன் என்று கேட்க விட்டதில்லை. அங்கே கேட்காததையெல்லாம் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். புத்தகத்தில் படித்துத்தான் தேறினேன் என்று இத்தனை நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் அது எனக்குள் இறங்கியிருக்கிறது.

மட்டையை அப்பா கையில் கொடுத்துத் தொடக்கத்திலிருந்து விளக்கினேன். அவர் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினார். பாதி விஷயம் எனக்கே அப்போதுதான் விளங்கியது. பிறகு நான் அடித்தேன். நாலாவது பந்து களத்தைத் தாண்டி உளுந்துக்குள் போய் விழுந்தது. அம்மா திட்டிக்கொண்டே போய் எடுத்துவந்தாள்.

திரும்பி வந்ததும் அந்தப் பெண் பயிற்சியாளரிடம், "இனிமே நீங்க சொன்னதை நான் உங்களுக்குத் திருப்பிச் சொல்லித் தரேன். தெரியாதவங்க மாதிரி கேள்வி கேளுங்க, மேடம்" என்றேன்.

"ஃபீஸை யார் யாருக்குக் குடுக்கிறது?" என்று சிரித்தார். ஆனால் கேள்விகளை நன்றாகவே கேட்டார்.

வார முடிவில் மேலாளர் வந்து பார்த்தார். பத்தில் ஆறு பந்து எழும்பியது. "சரி, நீங்களே ஆடுங்க" என்றார்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"மேல போச்சா?" என்றார் அப்பா.

"போச்சுப்பா. நான்தான் ஆடப் போறேன்."

அதை அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார். பிறகு, "எதிர்க்காத்து அடிச்சா என்ன பண்ணுவ?" என்றார்.

கேள்வியைப் புது நோட்டில் குறித்துக்கொண்டேன்.