வலப்பக்கக் கூடை

வெள்ளரிக்காய் வாங்கினாலும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா பையில் போடுவார். சோப்பு, சாவிக்கொத்து, நான் நீட்டிய பிஸ்கட் எதுவும் தப்பாது. என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் மாடியில் இருக்கும் எனக்கும் கட்டிடத்தில் மற்றவர்களுக்கும் அவர் அக்கா.

கோழிப்பண்ணையில் பொரித்த குஞ்சுகளை ஆண், பெண் என்று பிரிப்பது அவர் வேலை. பிடித்து, கவிழ்த்து, வாலடியைக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பார்வை. பெண் முட்டைக்காக வளரும். அதை வலது கை வலப்பக்கக் கூடையில் விடும். ஆணை இடது கை இடப்பக்கத் துளையில் போடும். துளைக்குக் கீழே அரவை இயந்திரம். "அந்தச் சத்தம் காதுல விழுறதே இல்ல. விழுந்தா வேலை பார்க்க முடியுமா?" என்பார்.

வீட்டிலிருப்பவை வேறு உயிர்கள். ஒரு கண்ணாடித் தொட்டி நிறைய, கட்டைவிரல் பருமனில், இறக்கையில்லாத, தொட்டால் சீறும் வெளிநாட்டுக் கரப்பான்பூச்சிகள், கடையில் வாங்கி வளர்ப்பவை. அக்காவின் கணவர் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறார். தொட்டி அவர் தலைமாட்டில் இருக்கிறது. "பகல்ல நான் தட்டினா பதில் சொல்றது இதுங்க மட்டும்தான்" என்று அவர் சொன்னபோது, அக்கா என் டம்ளரைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்காரம்மா கறார் பேர்வழி. "ஒரு தொட்டியோட நிறுத்திக்கோங்க. இன்னொண்ணு பார்த்தேன்னா வீட்டைக் காலி பண்ணிடணும்" என்று சொல்லிவிட்டார். படுக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு, படியேற வேண்டாத வீடாகத் தேடி அலைந்தவர்களுக்குத்தான் அந்தப் பேச்சின் கனம் தெரியும்.

பெருகாமலிருக்க அக்கா தனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தார். இரண்டு மூன்றை விட்டுவிட்டு ஆண்களையெல்லாம் பொறுக்கிப் பூச்சி விற்ற கடைக்காரரிடமே கொடுத்தார். தொட்டியில் சீறல் குறைந்தது; கூட்டம் குறையவில்லை. வாரந்தோறும் வெள்ளை வெள்ளையாகப் புதுக் குட்டிகள்.

கடைக்காரர் சிரித்தாராம். "சினையா இருக்கிறது குட்டி போடாம இருக்குமா? ஆணை எடுத்து என்னக்கா பிரயோஜனம், பொண்ணைத்தான குறைக்கணும். அஞ்சாறு விட்டுட்டு மத்ததை ஃப்ரீசர்ல வெச்சிடுங்க. அப்படியே தூங்கிடும். என்கிட்ட தராதீங்க, இங்கயே இடமில்ல."

நேற்று நான் போனபோது தரையில் இரண்டு டப்பா. வலப்பக்கம் இருப்பது தொட்டிக்குத் திரும்பும், இடப்பக்கம் இருப்பது, பெண்களில் அஞ்சாறு போக மிச்சம், ஃப்ரீசருக்கு. கணவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். "செய். வேற வழி இல்ல" என்றார்.

அக்கா ஒன்றை எடுத்தார், கவிழ்த்தார், வைத்தார். அடுத்தது. அந்தக் கை வேகத்துக்குப் பண்ணையில் பெயர் உண்டு என்பது பார்த்தாலே புரிந்தது. வேலை முடிந்து குனிந்து பார்த்தால், வலப்பக்க டப்பா பெண்பூச்சிகளால் வழிந்துகொண்டிருந்தது. இடப்பக்கத்தில் மிச்சமிருந்த இரண்டு மூன்று ஆண்கள் மட்டும் கிடந்தன.

"என்ன பண்ணிட்டிருக்கேன் நான்" என்றார் என்னைப் பார்த்து.

எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டு, இடது கையைத் தொட்டிக்குள் விட்டார்.