நர்ஸ் வேலையா, கணக்கா என்று குன்றக்குடியில் கேட்டேன்

என் ஐயாவின் வலது காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னது ஓர் ஐப்பசி மாதச் செவ்வாய்க்கிழமை. எனக்கு அப்போது பதினேழு வயது. கோவிலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அடைமழையில் கண்மாய்க் கரை மேல் வந்த வண்டி குடை சாய்ந்து, ஐயாவின் கால் சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் ஏர் பிடிக்கிறவர் அவர் ஒருவர்தான். ஆத்தா காரைக்குடி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. "குன்றக்குடிச் சண்முகநாதா, ஐயா காலைக் காப்பாத்திக் கொடு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

காலைக் காப்பாற்றிக் கொடுத்தான். ஆனால் நாற்பது நாள் படுக்கை. அந்த நாற்பது நாளும் ஐயாவுக்குத் துணையாக நான்தான் இருந்தேன்.

அடியார்களே, ஆஸ்பத்திரி துக்கமான இடம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். ஐயாவின் கட்டிலுக்கு மேலே கட்டம் போட்ட காகிதம் ஒன்று தொங்கும். அவருடைய காய்ச்சலை அதில் நர்ஸம்மா கோடாக இழுப்பார். காலையில் இறங்கும், சாயங்காலம் ஏறும். ஏன் சாயங்காலம் மட்டும் ஏறுகிறது? சீழ் ஏன் சில நாள் மஞ்சள், சில நாள் பச்சை? கட்டுத் துணியைக் கொதிக்க வைத்தால் புண் எப்படி ஆறுகிறது? நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர் அந்த நர்ஸம்மா. ஒரு நாள் கட்டு மாற்றும்போது சிரித்துவிட்டார்.

"நீ கேக்கிறதுக்கெல்லாம் எனக்கே பதில் தெரியாது அழகம்மா. மதுரையில நர்ஸுக்குப் படிக்கிறியா? மூணு வருஷம். சாப்பாடு, துணிமணி அவங்களே தந்திருவாங்க. சம்பளம் மட்டும் படிச்சு முடிச்சாத்தான்."

அதே வாரம் இன்னொரு கதவும் திறந்தது. காரைக்குடியில் நாங்கள் பால் ஊற்றுகிற பெரிய வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆச்சியின் வீட்டுக்காரர் ரங்கூனில் தொழில் பார்த்தார். இங்கே வீடு, வேலையாட்கள், கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஆச்சியின் பொறுப்பு. கணக்கு எழுதிவந்த பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது.

"நீ எட்டாவது படிச்சவளாமே. மனக்கணக்கு நல்லாப் போடுவேன்னு உங்க ஆத்தா சொன்னாக. நம்ம வீட்டுக் கணக்கை எழுதுறியா? மாசா மாசம் சம்பளம் தாறேன்."

ஐயா இனிமேல் ஏர் பிடிக்க முடியாது என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. முழங்கால் மடங்கவில்லை. யாராவது சம்பாதிக்க வேண்டும், அதுவும் உடனே. சித்தப்பா வந்து குதித்தார்: "கண்ட ஆளுக புண்ணையெல்லாம் கழுவுற பொழப்பு நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு?" ஆத்தாவும் அந்தப் பக்கம்தான். "ஆச்சி வீடுன்னா நிழல்ல உக்காந்து எழுதலாம்ல" என்றாள்.

என் மனசோ இரண்டு பக்கமும் இழுத்தது. கணக்கு எனக்குப் பிடிக்கும். சாயங்காலம் கூட்டிப் பார்த்து இரண்டு பக்கமும் ஒன்றாக வந்துவிட்டால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் பதில் தெரியாத கேள்விகள் இருந்தன. அவை என்னை விடவில்லை.

கார்த்திகை மாதக் கிருத்திகை அன்று குன்றக்குடி மலை ஏறினேன். வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் மடித்து, சந்நிதியில் வைக்கச் சொன்னேன். வெள்ளை வந்தால் கணக்கு, சிவப்பு வந்தால் நர்ஸ். தரிசனத்துக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண் குழந்தையை விட்டுக் குருக்கள் ஒன்றை எடுக்கச் சொன்னார்.

வெள்ளை.

சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "ஏன்?" என்றுதான் கேட்கத் தோன்றியது. கேட்டேன். மயில் அகவியது, மணி அடித்தது, பதில் மட்டும் வரவில்லை. கேட்டதற்குச் சொல்லிவிட்டான், இனி நடக்க வேண்டியது நான் என்று மலை இறங்கினேன். மறுநாளே ஆச்சி வீட்டில் பேனாவை எடுத்தேன்.

ஆறு மாதம் ஓடியது. வைகாசியில் ஊருணி வற்றிப்போய்ச் சேறு தெரிந்தது. குடிக்கிற தண்ணீர் ஊருணியிலிருந்துதான் வரும். வீட்டுக் கிணறு புழங்குவதற்கு மட்டும். அந்த மாதம் ஆச்சியின் மகள் உமையாள் பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, இருபது நாள் ஆகியிருந்தது. அப்போது வீட்டில் காய்ச்சல் நுழைந்தது. வேலையாட்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். பாத்திரம் தேய்க்கிற ஒருத்தி செத்தே போனாள். காத்துக் கருப்பு என்றார்கள். மந்திரித்தார்கள். பிறகு உமையாளும் படுத்தாள். விஷக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். ஆச்சி சாமி அறையிலேயே கிடந்தார்.

நானும் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு அழுதேன். "முருகா, இந்த வீட்டுக்குத்தானே என்னை அனுப்பினாய்? இங்கே நான் என்ன செய்ய?" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தேன். யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை என்று நான் எழுதி வைத்திருந்த பக்கம் அது. பதினோரு பேர். பதினோரு பேரும் வீட்டின் பின்பகுதியான பின்கட்டில் வேலை பார்க்கிறவர்கள். முன்கட்டு ஆட்களில் ஒருவர்கூட இல்லை.

ஏன்? எழுந்து ஓடினேன். பின்கட்டில் மிச்சமிருந்த பொன்னம்மாளைக் கேட்டேன்.

"குடிக்கத் தண்ணி எங்கிட்டு எடுக்குறீக?"

"ஊருணித் தண்ணி முன்கட்டுக்கே பத்தலை தாயி. நாங்க ஒரு மாசமா அங்குட்டு இருக்க கெணத்துலதான் குடிக்கோம்."

கிணற்றைப் போய்ப் பார்த்தேன். பத்தடி தள்ளிச் சாக்கடை உடைந்து கசிந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு கணக்கு உதைத்தது. உமையாள் பின்கட்டுக்கே போனதில்லை. முன்கட்டுத் தண்ணீரைக்கூடக் காய்ச்சித்தான் குடிப்பாள். அவளுக்கு எப்படி வந்தது? சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் சமையல்கட்டில் விளங்கியது. முன்கட்டில் அவள் ஒருத்தி மட்டும் தினமும் விரும்பிக் கேட்கிற நீர்மோரைப் பின்கட்டில்தான் கடைவார்கள். கிணற்றுத் தண்ணீரை விட்டுத்தான் கடைவார்கள்.

ஆச்சியிடம் ஓடிப்போய் நோட்டைக் காட்டினேன். ஆச்சி என்னைத் திட்டவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். "இப்பவே கெணத்தை மூடச் சொல்லு" என்றார். அன்றே மூடினார்கள். கோவிலூர்ப் பக்கமிருந்து வண்டியில் நல்ல தண்ணீர் வந்தது. அதையும் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தோம்.

உமையாளைப் பார்த்துக்கொள்ள நர்ஸம்மா வந்தார். கூட நான் நின்றேன். நெற்றிக்கு ஈரத்துணி, மணிக்கொரு தரம் கஞ்சித் தண்ணீர், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்க வைப்பது. பதினெட்டாம் நாள் அவள் கண் திறந்து குழந்தையைக் கேட்டாள். நான் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். கிணற்றை மூடி இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் புதிதாக ஒருவரும் படுக்கவில்லை.

ஆடி மாதம் ஆச்சி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அழகம்மா, நீ மதுரைக்குப் போய்ப் படி."

"ஆச்சி, சம்பளம் இல்லாட்டா எங்க ஐயாவும் ஆத்தாவும் என்ன செய்வாக?"

"மூணு வருஷத்துக்கும் உன் சம்பளம் உங்க வீட்டுக்கு வந்துரும். என் மகளை உயிரோட தந்திருக்கே. இதுக்கு மேல பேசாதே."

ஐயா என் தலையைத் தொட்டு, "போய்ட்டு வா ஆத்தா" என்றார்.

அடியார்களே, அன்று சிவப்பு வந்திருந்தால் நான் மதுரைக்குப் போயிருப்பேன். வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று மூன்றே மாதத்தில் திரும்பியும் வந்திருப்பேன். இது எனக்கு மலையில் விளங்கவில்லை. பாத்திரம் தேய்த்த அந்தப் பெண் ஏன் சாக வேண்டும் என்பதோ இன்றுவரை விளங்கவில்லை. அதையும் அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

படித்து வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நர்ஸாக ஊர் ஊராகப் போகிறேன். நெற்குப்பையிலும் இளையாத்தங்குடியிலும் நான் கையில் ஏந்திய பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றன. புண் கழுவுகிற வேலை என்று பேசிய சித்தப்பாவே தன் பேத்தியை என்னிடம்தான் முதலில் தூக்கி வந்தார்.

எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். தயங்காமல் முருகனைக் கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். பதில் புரியவில்லையே என்று நின்றுவிடாமல், அவன் காட்டிய பக்கம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடங்கள். நடக்க நடக்கத்தான் அவன் சொல்லித் தருகிறான்.