துபாய்க்கு ஐந்து மணி நேரம்

விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நஃபீசா பீவி விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் சென்னையிலிருந்து துபாய் ஏறக்குறைய இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாலு மணிக்குச் சற்று மேல் என்பது அவருக்கு மனப்பாடம். கணவர் ஜெகபர் அலி இருபத்திரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தவர். அவர் கிளம்பும்போதெல்லாம், இறங்கியதாகப் போன் எப்போது வர வேண்டும் என்று கோட்டக்குப்பம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் இவர். பயணத்துக்கு நல்ல நேரம் யாரிடமும் கேட்டதில்லை. தூரமும் வேகமும் தெரிந்தால் போதும் என்பார்.

எந்தத் தாளையும் படித்துப் பார்க்காமல் நகல் எடுக்கவும் மாட்டார்.

போன மாதம் முகையூரிலிருந்து வேணியும் அவள் கணவன் தென்னரசும் வந்தார்கள். கூலி வேலை செய்து படிக்கவைத்த வீட்டின் முதல் பட்டதாரி தென்னரசு. துபாயில் கம்ப்யூட்டர் வேலை, மறுநாள் விமானம். ஏஜெண்ட் தேவநாதன் தட்டச்சு செய்து கொடுத்த தாளில் சென்னை புறப்பாடு காலை 10.15, துபாய் சேர்வு பிற்பகல் 3.15 என்றிருந்தது. விமான நிறுவனத்தின் பெயர் இல்லை. முன்பதிவு எண் இல்லை.

"தம்பி, துபாய்ல மணி நம்மளவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. பத்தேகாலுக்கு ஏறினா, அங்க ஒரு மணிக்கெல்லாம் எறங்கிடணும். இதுல மூணேகால் போட்டிருக்கே?"

"வழியில எங்கனா நின்னு போவுமோ என்னவோக்கா," என்றாள் வேணி.

"டீ குடிக்கவா? திண்டிவனம் பஸ்ஸா இது? நின்னா அந்த ஊர் பேர் போட்டிருக்கணும்."

தென்னரசுக்கு முகம் சுருங்கியது. "கெளம்புற நேரத்துல பேஜாரு பண்ணாதீங்கக்கா. அவரு நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்னா கேட்டா சொல்லுவான். எறங்குனதும் கடிகாரத்த முன்ன தள்ளணுமா, பின்ன தள்ளணுமான்னு கேளு. ஸ்பீக்கர்ல வை."

தென்னரசு ஏஜெண்டுக்குப் போன் போட்டுக் கேட்டான். பலரை அனுப்பிப் பழகிய தேவநாதன் யோசிக்காமல் பதில் சொன்னான்.

"முன்னதான்யா, ஒன்றரை மணி. இதெல்லாம் எதுக்குக் கேட்டுக்கினு கீற?"

போன் அணைந்தது. நஃபீசா தன் கைபேசியில் தேடிக் காட்டினார். கடிகாரம் முன்னே போனால் விமானம் கிழக்கே போகிறது. நம்மைவிட ஒன்றரை மணி முன்னே இருக்கும் பாங்காக் மூன்றரை மணிப் பயணம், கூட ஒன்றரை, மொத்தம் ஐந்து; பத்தேகாலோடு கூட்டினால் சரியாக மூணேகால். வேலை தேடிப் போனவர்களை அங்கிருந்து எல்லை தாண்டிக் கடத்தி, கம்பிவேலிக்குள் அடைத்து, போனில் ஊரை ஏமாற்றும் வேலை வாங்குகிறார்கள் என்ற செய்திகளும் அடுத்தடுத்து வந்தன.

கூலிக்காரன் மகன் பட்டம் வாங்கினான். அவன் படித்த பள்ளியில் ஓர் உலக உருண்டைகூட இல்லை. அந்த இல்லாமையை நம்பித்தான் ஒருவன் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டி அலுவலகம் நடத்துகிறான்.

தென்னரசின் பாஸ்போர்ட் தேவநாதனின் அலுவலகத்தில் இருந்தது. நஃபீசா ஷட்டரை இழுத்துவிட்டார். மூவரும் அங்கே போனார்கள்.

தேவநாதன் சண்டை போடவில்லை. "நம்பாதவன் எனக்கு வேணாம்," என்று மேசை இழுப்பறையைத் திறந்து பாஸ்போர்ட்டை எறிந்தான். அவ்வளவு சுலபமாகக் கொடுத்தது நஃபீசாவுக்கு உறுத்தியது. எட்டிப் பார்த்தார். உள்ளே இன்னும் ஐந்து பாஸ்போர்ட்டுகள்.

"இவங்களுக்கும் துபாய்தானா?"

"உங்களுக்கு எதுக்கும்மா அது?"

"வா வேணி, நமக்குக் கெடச்சிடிச்சி," என்று தென்னரசு மனைவியின் கையைப் பிடித்தான்.

வேணி கையை உதறிவிட்டு, போனில் நூறு எண்ணை அழுத்தினாள்.

"அந்த அஞ்சு பேரு யாருன்னு தெரியாம நான் வர மாட்டேன். நீ வேணா போய்க்கினே இரு."