கீழே நின்றவள்

கீரனூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஏழேகாலுக்குத் திருச்சி பஸ்ஸுக்கு முட்டி மோதும் கூட்டத்தில் சிவரஞ்சனியும் ஒருத்தி. திருச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவாள். 'உங்க மூஞ்சிக்கு இதுதாங்க எடுப்பா இருக்கு' என்பாள். போன வருஷம் மாசி மாதம் வரைக்கும் இந்தப் பெண் இரண்டு ஆள் உயரத்திலிருந்து தலைகீழாகத் தண்ணீரில் இறங்குவாள், ஒரு சொம்புத் தண்ணீர்கூட மேலே தெறிக்காது என்று சொன்னால் கடை முதலாளி நம்பமாட்டார். அவளும் சொன்னதில்லை. சொன்னால் 'அப்புறம் ஏன் விட்டுட்டே?' என்று அடுத்த கேள்வி வரும். பரிமளாவின் பெயரைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

சிவரஞ்சனியின் ஊர் கீரனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெரியப்பா ஆண்டியப்பனின் வயல் கிணறுதான் அவள் நீச்சல் பழகிய இடம். அந்தக் கிணற்றுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பயந்துகொண்டு மேலே நிற்கிறவர், மோட்டார் ரூம் மேல் தளத்திலிருந்து 'கீழ யாரு?' என்று கேட்க வேண்டும். முன்னால் குதித்தவர் தண்ணீரில் மிதந்தபடியே 'நான் இருக்கேன், வா' என்று சொல்ல வேண்டும். சொன்ன வாய்க்கு ஒரு பொறுப்பு உண்டு. மேலே நிற்கிறவர் குதிக்கும்வரை கீழே இருப்பவர் படியேறக் கூடாது. விரல் ஊறிச் சுருங்கினாலும், உதடு நீலம் பூத்தாலும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். சொல்லிவிட்டு ஏறிப்போனவனை அதற்கப்புறம் அந்தக் கிணற்றில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. ஊரில் எத்தனையோ வழக்கம் மாறிப்போனது, இது மட்டும் மாறவில்லை.

புதுக்கோட்டையில் அவள் படித்த பெண்கள் கல்லூரியில் நீச்சல்குளம் கிடையாது. உடற்கல்வி இயக்குநர் ஆரோக்கியம்மாள் மேடத்துக்கு நீச்சலும் கிடையாது. அந்தக் காலத்துக் கபடிக்காரி. நீச்சல் அணி அனுப்பச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்ததும், மைதானத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, "கெணத்துல குதிச்சவங்கெல்லாம் கையத் தூக்குங்கம்மா" என்றார். ஆறு கை உயர்ந்தது. அணி அமைந்துவிட்டது.

சனிக்கிழமை மட்டும் திருச்சிக்குப் போய் நீச்சல்குளத்தில் பயிற்சி. மற்ற நாள் கல்லூரி விட்டதும் ஆண்டியப்பன் கிணறு. மேடம் படிக்கட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் விசிலோடு நிற்பார். ஆறு பேரில் ஐந்து பேர் அவர் விழுந்துவிடுவாரோ என்ற கவலையிலேயே நீந்தினார்கள்.

கிணறு வட்டம். வட்டத்தில் பழகிய உடம்பு வட்டமாகத்தான் போகும். அது யாருக்கும் உறைக்கவில்லை. ஆவணியில் தஞ்சாவூரில் நடந்த முதல் போட்டியில், அணியிலேயே வேகக்காரியான கறம்பக்குடி சத்யபிரியா முன்னணியில் போய்க்கொண்டிருந்தவள், மெல்ல மெல்ல இடப்பக்கம் வளைந்து, கயிற்றுக்கு அடியில் புகுந்து, பக்கத்துத் தடத்துப் பெண்ணின் மேலேயே ஏறிவிட்டாள். தகுதி நீக்கம். கேலரியில் இருந்த திருச்சிக் கல்லூரிப் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "கிணத்துத் தவளைங்கடி!"

அன்றைக்கு ஒன்பது கல்லூரிகளில் ஒன்பதாம் இடம்.  திரும்பும்போது பஸ்ஸில் சிவரஞ்சனிதான் கேட்டாள். "ஏண்டி, தவளைக்கு நீந்தத் தெரியாதாக்கும்?" பரிமளா முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

இந்தப் பரிமளா கீரனூர்க்காரி. அப்பாவுக்குத் தையல் கடை. இரண்டு பேரும் ஒரே பஸ், ஒரே வகுப்பு, ஒரே டிபன் பாக்ஸ். பரிமளா நன்றாகப் படிப்பாள். பரீட்சைக்கு முதல் நாள் சிவரஞ்சனிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரமே ஆண்டியப்பன் கிணற்றின் குறுக்கே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு நைலான் கயிற்றைக் கட்டிக் கொடுத்தார். "கயித்த விட்டு அங்கிட்டு இங்கிட்டு போனியன்னா காலக் கட்டிப்புடுவேன்" என்று சத்யபிரியாவை மிரட்டினார். கார்த்திகையில் நடந்த இரண்டாவது போட்டியில் அவள் அம்பு மாதிரி நேராகப் போனாள். அணிக்கு நான்காம் இடம். தவளை என்றவர்கள் பேசாமல் இருந்தார்கள்.

ஆனால் சிவரஞ்சனி அன்று தண்ணீரிலேயே இறங்கவில்லை. அவளுடைய போட்டி டைவிங். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு விதி இருந்தது: குறைந்தது மூன்று பேர் குதித்தால்தான் போட்டி செல்லும். இல்லையென்றால் புள்ளியும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. அவளையும் தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தியையும் விட்டால் பெயர் கொடுக்க ஆள் இல்லை. உடையெல்லாம் மாற்றிக்கொண்டு, காய்ந்த உடம்போடு கரையில் நின்றுவிட்டு வந்தாள்.

அவளுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கப் பல்கலைக்கழக அளவில் முதலிடம் என்று ஒரு தாள் கையில் இருந்தால் போதும். அம்மா அமராவதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "படிப்பு முடியறதுக்குள்ள ஒனக்குன்னு ஒரு வழி பண்ணிக்க. இல்லைன்னா கெடைச்ச வேலைக்குப் போய்க்கிட்டே இரு." மாசியில் கடைசிப் போட்டி. அதை விட்டால் அடுத்தது இல்லை.

மூன்றாவது ஆள் வேண்டும். சிவரஞ்சனி பரிமளாவைப் பிடித்தாள்.

"அய்யோ, என்னால முடியாதுடி. மேல ஏறுனாலே எனக்குக் கால் நடுங்கும்."

"நீ ஜெயிக்க வேணாம். குதிச்சாப் போதும்."

ஐப்பசி மழையில் கிணறு நிறைந்து கிடந்தது நல்லதாகப் போயிற்று. தண்ணீர் மேலே இருந்தால் குதிக்கிற உயரம் குறைவு. தையில் பாசனத்துக்கு இறைக்க இறைக்கத் தண்ணீர் இறங்கும், உயரம் நாளுக்கு ஒரு சாண் கூடும். பயந்த பிள்ளையைப் பழக்க இதைவிடத் தோதான ஏற்பாட்டை எந்த நீச்சல்குளத்திலும் செய்ய முடியாது. முதல் நாள் மோட்டார் ரூம் மேலே நின்ற பரிமளா 'கீழ யாரு?' என்று பதினைந்து தடவை கேட்டாள். பதினைந்து தடவையும் 'நான் இருக்கேன்டி, வா' என்று பதில் போயிற்று. ஒன்றரை மணி நேரம். மார்கழிக் குளிரில் சிவரஞ்சனிக்குப் பல் கிட்டிக்கொண்டது. மேடம், "ஏறி வாம்மா, சளி புடிச்சுக்கும்" என்று விசில் ஊதிப் பார்த்தார். அவள் ஏறவில்லை. கடைசியில் பரிமளா கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, தொபுக்கென்று விழுந்தாள். மேலே வந்ததும் சிவரஞ்சனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ கீழ இருந்தா எங்கிருந்து வேணாலும் குதிப்பேன்டி."

மாசி பிறக்கும்போது பரிமளா தலைகீழாக இறங்கினாள். கால் கொஞ்சம் பிரியும், அவ்வளவுதான்.

கடைசிப் போட்டி திருச்சியில் நடந்தது. மதியம் வரை திருச்சிக் கல்லூரி நாற்பத்தொரு புள்ளி, புதுக்கோட்டை முப்பத்தேழு. மிச்சம் இருந்தது டைவிங் ஒன்றுதான். முதல் இடத்துக்கு ஐந்து புள்ளி. திருச்சிக் கல்லூரிக்கு டைவிங்கில் ஆளே இல்லை. ஆரோக்கியம்மாள் மேடம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடியும் எண்ணினார். கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பரிமளாவைக் கொஞ்ச நேரம் காணவில்லை. வரும்போது கையில் இரண்டு மாம்பழ ஜூஸ் டப்பா. ஒன்றை சிவரஞ்சனியிடம் நீட்டினாள்.

"யாருடி வாங்கிக் குடுத்தா?"

"திருச்சிக் காலேஜ் மேடம். சும்மா, மேற்கொண்டு என்ன படிக்கப் போறன்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க."

சிவரஞ்சனி வாங்கி, உறிஞ்சு குழலைக் குத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். 

முதலில் சிவரஞ்சனி. பலகையில் இரண்டு எட்டு, ஒரு துள்ளு, நேராக உள்ளே. அவள் வாழ்நாளில் அதைவிட நன்றாகக் குதித்ததில்லை. தஞ்சாவூரில் சிரித்தவர்களே கைதட்டினார்கள். அடுத்து தஞ்சாவூர்ப் பெண் சுமாராகக் குதித்தாள். மூன்றாவதாகப் பரிமளா ஏணியில் ஏறினாள். சிவரஞ்சனி இன்னும் தண்ணீரில்தான் இருந்தாள், ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு. "ஏம்மா, வெளிய வா" என்று நடுவர் அதட்டினார். "அவ குதிக்கட்டுங்க சார், வந்துர்றேன்" என்றாள்.

பரிமளா பலகையின் நுனிக்கு வந்தாள். கீழே யார் என்று கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, சிவரஞ்சனி தானாகவே குரல் கொடுத்தாள். "நான் இருக்கேன்டி, வா!"

பரிமளா கீழே பார்க்கவே இல்லை. கேலரிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். திரும்பினாள். ஏணியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

இரண்டு பேர்தான் குதித்தார்கள், போட்டி செல்லாது என்று மைக்கில் சொன்னார்கள். கோப்பை திருச்சிக்குப் போயிற்று. ஆரோக்கியம்மாள் மேடம் விசிலை வாயில் வைத்தபடியே ஊதாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் சத்யபிரியா வெடித்தாள். "நேத்து வரைக்கும் குதிச்சவளுக்கு இன்னைக்கு என்ன பேயா புடிச்சுச்சு?" பரிமளா தேம்பித் தேம்பி அழுதாள். "பயமாயிருச்சுடி... தலை சுத்திருச்சு..." சிவரஞ்சனி அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "விடுங்கடி அவள. பயம் யாருக்குத்தான் இல்ல? நான்தான் வம்பா இழுத்துவிட்டேன்." அணி தோற்ற பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். கீரனூர் வரும்வரை பரிமளா அந்தத் தோளிலேயே தூங்கிக்கொண்டு வந்தாள். சான்றிதழைப் பறிகொடுத்தவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், பறித்தவளின் தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று.

ஆனியில் சத்யபிரியா போன் செய்தாள். பரிமளாவுக்கு அதே திருச்சிக் கல்லூரியில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது, பீஸும் இல்லை, ஹாஸ்டலும் இலவசம், விளையாட்டு ஒதுக்கீடாம் என்றாள்.

"நல்லாப் படிக்கிற புள்ளடி. கெடைச்சிருக்கும்" என்றாள் சிவரஞ்சனி.

"வெளங்கும்" என்று சத்யபிரியா போனை வைத்துவிட்டாள்.

போலீஸ் விண்ணப்பத்தில் விளையாட்டுச் சான்றிதழ் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினாள் சிவரஞ்சனி. கூப்பிடவில்லை. அமராவதி சொன்னது சொன்னதுதான். கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். பரிமளா முதலில் வாரம் ஒருமுறை பேசினாள், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு படிப்பு அதிகம் என்றாள். அதையும் இவள் நம்பினாள்.

இந்த வருஷம் மாசியில் சத்யபிரியா ஒரு வீடியோவை அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிவரஞ்சனி அதைத் திறந்தாள். அதே நீச்சல்குளம், அதே பலகை. திருச்சிக் கல்லூரியின் நீல உடையில் பரிமளா. இரண்டு எட்டு, ஒரு துள்ளு, நேராக உள்ளே. காலும் பிரியவில்லை. முதலிடம்.

தலை சுற்றியவளாம். பயந்தவளாம்.

அவள் உடனே போன் போட்டாள். பரிமளா எடுத்தாள்.

"வீடியோ பாத்தேன். நல்லாக் குதிச்ச."

பரிமளா ஏதோ சொல்ல வந்தாள். இவள் விடவில்லை.

"அன்னைக்கு ஒனக்குப் பயம் இல்ல, அப்படித்தான?"

"சிவா..." என்று இழுத்தாள் பரிமளா. "எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியலடி. கடைய மூடப் போறோம்னாரு. மேல படிக்க வைக்க முடியாதுன்னுட்டாரு. அந்த மேடம், நீ குதிக்காம எறங்கி வந்தாப் போதும், படிப்ப நாங்க பாத்துக்கிறோம்னாங்க. நீயா இருந்தா என்னடி பண்ணிருப்ப?"

"ஒன்கிட்ட கேட்டிருப்பேன்."

"என்னது?"

"ஒன்கிட்ட வந்து கேட்டிருப்பேன்டி. இப்படி ஒரு எடம் கெடைக்குது, விட்டுக்குடுக்கிறியான்னு. ஒரு வார்த்த. ஒருவேள விட்டுக் குடுத்திருப்பேன். தெரியல. நீதான் கேக்கவே இல்லையே. ஜூஸ் வாங்கிக் குடுத்த. என் தோள்ல தூங்குன."

பரிமளா அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை சிவரஞ்சனி தேற்றவில்லை. போனை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒரு பெரியவருக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டினாள்.

சாயந்தரம் கீரனூர் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீடியோவை அழித்துவிடலாம் என்று போனை எடுத்தவள், அழிக்குமுன் ஒருமுறை ஓடவிட்டாள். மதியம் குதித்ததைத்தான் பார்த்திருந்தாள். இப்போது அதற்கு முந்தைய நொடி கண்ணில் பட்டது. பலகையின் நுனியில் பரிமளா நிற்கிறாள். ஆளே இல்லாத தண்ணீரைக் குனிந்து பார்க்கிறாள். உதடு அசைகிறது. சத்தம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கீழ யாரு.

"நான் இருக்கேன்" என்று சிவரஞ்சனியின் வாய் சொல்லிவிட்டது.

சத்தமாகவே சொல்லிவிட்டது. பக்கத்தில் கூடையோடு நின்றிருந்த யாரோ ஒரு அம்மாள், "என்னையவா சொல்றம்மா?" என்று கேட்டார். "இல்லங்க" என்று சொல்லிவிட்டு அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். துரோகம் செய்தவள்மேல் வந்த கோபத்தைவிட, இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த வாயின்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.