புகைக்கூண்டு டீம்

இருபது வயது தாண்டும் வரை எனக்குக் கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கபடி உண்டு, கிரிக்கெட் உண்டு. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டபிறகு லாரி கிளீனர், ஓசூரில் கல் உடைப்பு, பாலக்காட்டில் ஹோட்டல் வேலை என்று அலைந்தேன். பாலக்காட்டில் சுவரெல்லாம் பந்தாட்டக்காரர்களின் படம் ஒட்டியிருப்பார்கள். தட்டு கழுவுகிறவனுக்குச் சுவரைப் பார்க்க நேரம் ஏது. எந்த ஊரிலும் ஆறேழு மாதத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் கிளம்பவேண்டும் போலிருக்கும், கிளம்பிவிடுவேன்.

திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் இறங்கியதும் அப்படித்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, முதலில் தெரிந்த பனியன் கம்பெனியில் வேலை கேட்டேன். பேக்கிங்கில் போட்டார்கள். பீஸை மடித்து, கவரில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டி மேல் தகர அச்சை வைத்து ஆங்கில எழுத்துகளை மையால் தேய்க்கவேண்டும். முதலாளி குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர். கிணறு வற்றியதும் மாட்டை விற்றுத் தையல் மெஷின் வாங்கியவர். பெரிய ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்குத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்துவந்தார்.

நான் சேர்ந்தபோது ஓடிக்கொண்டிருந்தது நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட சட்டை. ஐரோப்பாவில் ஏதோ கடலோர ஊரின் கால்பந்து அணி, அதன் ரசிகர்களுக்காக. நெஞ்சில் உயரமான ஒரு தூணும், அதன் உச்சியில் இருபக்கமும் விரிந்த கோடுகளும் அச்சடித்திருக்கும். அது கலங்கரை விளக்கம், அந்தக் கோடுகள் வெளிச்சம் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. எங்கள் கண்ணுக்கு அது சாயப்பட்டறை பாய்லரின் புகைக்கூண்டு. அந்த அணியின் பெயரை எங்களில் யாருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. புகைக்கூண்டு டீம் என்றோம். சொந்த ஊர் டீம் போல அந்தப் பெயர் வாயில் உட்கார்ந்துகொண்டது.

பொங்கல் முடிந்த சமயம், ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் பையன் ஒருவன் பைக்கில் வந்தான். அடுத்த வருடம் ஆர்டர் இரண்டு மடங்காகும் என்று முன்பு சொல்லியிருந்தவன் அவன்தான். அதை நம்பி முதலாளி மேல்மாடியைக் கட்டிக்கொண்டிருந்தார். மற்றக் கம்பெனிகளின் வேலையையும் விட்டிருந்தார்.

“டீமு டேஞ்சர்ல இருக்குங்கண்ணா. கடைசியா வர்ற மூணு டீமை ரெலிகேட் பண்ணிருவாங்க. அப்படி ஆச்சுன்னா சட்டை வாங்கற ஃபாரின் பையர் இந்த ஸ்டைலையே டிராப் பண்ணிருவாரு” என்றான்.

“பண்ணிருவாங்கன்னா, ஆட்டத்த விட்டே தூக்கிருவாங்களா தம்பி?”

“இல்லீங்கண்ணா. ஆடுவாங்க. கீழ இருக்கற லீக்ல ஆடுவாங்க.”

முதலாளிக்குப் பிடிபடவில்லை. எங்களுக்கும்தான். பேட்லாக் மெஷினில் உட்கார்ந்து சட்டையின் அடிப்பகுதியை மடித்து அடித்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“செகண்ட்ஸ் ஆக்கிருவாங்கன்னு சொல்லும்யா. இதுக்குப் போயி சுத்தி வளச்சிக்கிட்டு.”

லைன் முழுக்க ஒரு நொடி மெஷின் நின்றது. செகண்ட்ஸ் என்றால் என்னவென்று திருப்பூரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. எண்ணெய்க் கறை, ஓட்டை, கோணல் தையல் என்று ஏதோ ஒன்றால் ஏற்றுமதிக்குத் தேறாத பீஸ். அதன் லேபிளை வெட்டியெறிந்துவிட்டுக் உள்ளூர் மலிவுச் சந்தையான காதர்பேட்டைக்கு மூட்டையாக அனுப்புவோம். ஒரு டீமே அப்படிப் போகுமென்றால் எங்கள் வேலையும் கூடவே போகும். முதலாளி மாடியை அண்ணாந்து பார்த்தார். கம்பி கட்டியிருந்தது, கான்கிரீட் போடவில்லை.

அடுத்த சனிக்கிழமை தன் வீட்டு டிவியைக் கொண்டுவந்து கட்டிங் டேபிள் மேல் வைத்தார். பக்கத்து டீக்கடையிலிருந்து கேபிள் இழுத்தோம். சாயங்காலம் சம்பளம் வாங்கியதும் ஊருக்குப் போகிறவர்கள்கூட அன்றைக்குப் போகவில்லை. துணி உருளைகள் மேல் உட்கார்ந்தோம். விதி ஒன்றும் தெரியாது. பந்து வலைக்குள் போகவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்டவர்கள் ஒரு பக்கம், மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒரு பக்கம். பட்டைக்காரர்களிடம் பந்து போகும்போதெல்லாம் விசிலடித்தோம். ஒரு பந்து வலைக்குள் போனதும் முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் டீ சொன்னார்.

டீ குடித்துக்கொண்டே நான் டிவியின் மூலையைப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் தினமும் பெட்டி மேல் தேய்க்கிற எழுத்துகள் எனக்குத் தெரியும். அதில் முதல் மூன்று எழுத்து அங்கே இருந்தது. பக்கத்தில் சைபர்.

“முதலாளி, நம்ம டீமு மஞ்சச் சட்டைங்க” என்றேன்.

“ஏனுங்க தம்பி, பட்டையத்தான நாம தெச்சு அனுப்புனோம்?”

“எழுத்தப் பாருங்க. நம்ம பெட்டி எழுத்து.”

முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். வெளியூரில் ஆடும்போது வேறு சட்டை போடுவார்கள் என்று யார் கண்டது. ஒரு பாதி ஆட்டம் முழுக்க எங்கள் கம்பெனியைக் கவிழ்க்க வந்தவர்களுக்கு விசிலடித்திருக்கிறோம்.

“டீக்காசு யாருங்க குடுக்கறது? அந்த டீமுட்டயே போய்க் கேளுங்க” என்றார் முதலாளி. அவர் சிரித்தபிறகுதான் நாங்கள் சிரித்தோம்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் ஆட்டம் என்றாகிவிட்டது. எல்லா வாரமும் எங்கள் டீமைக் காட்டமாட்டார்கள். காட்டாத வாரம் நான் பல்லடம் ரோட்டில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய், அங்கிருந்த பையனைப் பட்டியலை எடுத்துத் தரச் சொல்லி, அந்த மூன்று எழுத்தை அதில் கீழிருந்து தேடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் முதலாளி காத்திருப்பார். எங்கள் கோல்கீப்பர் ஒரு மொட்டைத்தலையன், நல்ல உயரம். பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் கோட்டைவிட்ட பந்தை அவன் ஒருவன் தடுப்பான். அவனுக்குப் பைனல் செக்கிங் என்று பெயர் வைத்தோம். கம்பெனியில் எல்லோரும் விட்ட பிழையைக் கடைசியாகப் பிடிக்கிற மேஜையின் பெயர் அது.

அக்கா நாசரேத்துப் பக்கத்துக்காரி, கிறிஸ்தவள். ஆட்டம் தொடங்குமுன் கண்ணை மூடி ஜெபிப்பாள். முதலாளி அங்காளம்மனுக்கு வேண்டிக் காசு முடிந்துவைத்திருந்தார்.

“ஒங்க சாமிக்கு அந்த ஊருக்கு வழி தெரியாதுய்யா. அது எங்க ஆளுக ஊரு. எங்க ஜெபம் வெரசாப் போயிரும்” என்பாள்.

“ரெண்டு டீமும் உங்க ஆளுகதானுங்களே. அப்பறம் உங்க சாமி யாரு பேச்சக் கேக்குமுங்க?”

“நீங்க பேசாம டிவியப் பாருங்க” என்பாள்.

சித்திரை வெயில் முடியும்போது கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் தப்பிக்கலாம், சமமாக முடிந்தால் இறங்கவேண்டும். சொந்த ஊரில் ஆட்டம், எல்லோர் மேலும் எங்கள் பட்டை. ஆளுக்கொரு கோல் போட்டிருந்தார்கள். கடைசியில் மொட்டையனும் தன் வலையை விட்டு எதிர்ப்பக்கம் ஓடிவந்தான். பந்து அவன் தலையில் பட்டுக் கம்பத்துக்கு மேலே போனது. அதோடு விசில்.

டிவியில் கூட்டத்தைக் காட்டினார்கள். தொந்தி வைத்த ஒரு பெரியவர், சட்டையின் அடிப்பகுதியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இழுத்த இழுப்பில் துணி ஒரு முழம் நீண்டது.

“நான் அடிச்சதுல்லா அது” என்றாள் அக்கா மெதுவாக.

“தையல் விட்டுருச்சுங்களா பாருங்க” என்றார் முதலாளி.

“விடல.”

“செரி” என்று எழுந்து டிவியை அணைத்தார்.

அடுத்த வாரம் பாதி லைனை நிறுத்தினார். மீந்த பீஸ்களின் லேபிளை வெட்டிக் காதர்பேட்டைக்குக் கட்டியது நான்தான். ஒன்றை மட்டும் லேபிளோடு என் பையில் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டு மாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாடியில் கம்பிகள் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன. பேக்கிங்குக்கு ஆள் தேவைப்படவில்லை. எந்த ஊரிலும் நானாகத்தான் கிளம்புவேன், அங்கே மட்டும் கிளம்பவேண்டியதாயிற்று.

கொச்சியில் மீன் பெட்டி தூக்கினேன். கூட இருந்தவர்களுக்கெல்லாம் பெரிய பெரிய டீம்கள். என் சட்டையைப் பார்த்து இது எந்த டீம் என்பார்கள். செகண்ட்ஸில் ஆடுகிற டீம் என்பேன். அவர்களுக்கு அது புரியாது. கீழ் லீக் ஆட்டத்தை எந்த டிவியிலும் காட்டவில்லை. வாரம் ஒருமுறை பிரௌசிங் சென்டரில் அந்த மூன்று எழுத்தைத் தேடுவேன். இந்தத் தடவை மேலிருந்து தேடினால் சீக்கிரம் கிடைத்தது. ஆர்டருக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை என்று தெரிந்தும் ஏன் தேடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்த கோடையில் அவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். அன்றைக்கே காயின் போனில் கம்பெனிக்கு அடித்தேன்.

“நான் சாத்தூர்க்காரன்ங்க. பேக்கிங்ல இருந்தேன்ல்ல.”

“சொல்லுங்க கண்ணு, எங்கிருக்கறீங்க?”

“நம்ம டீமு மறுபடி பர்ஸ்டுக்கு வந்துருச்சுங்க.”

அவருக்குப் பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

“ஆர்டரு வராதுங்க. சட்டை வாங்கறவங்க வேற நாட்டுப் பக்கம் போயிட்டாங்க. நாங்க இப்ப ஜட்டி ஓட்டறமுங்க” என்றார். பிறகு, “எத்தன கோலுங்க?” என்று கேட்டார்.

சொன்னேன். அவர் அதை லைனைப் பார்த்து உரக்கச் சொன்னார். ஒரு மெஷின் நின்றது, அது பேட்லாக் சத்தம்தான் என்று எனக்குத் தெரியும். தூரத்தில் அக்காவின் குரல் கேட்டது.

“பைனல் செக்கிங் அங்கதான் இருக்கானான்னு கேளுங்க.”

அதையும் நான் பிரௌசிங் சென்டரில் படங்களாகத் தேடிப் பார்த்திருந்தேன். டீம் இறங்கியதும் பாதிப் பேர் வேறு டீம்களுக்குப் போய்விட்டார்கள். மொட்டையன் போகவில்லை.

“அங்கதான் இருக்கான்னு சொல்லுங்க” என்றேன்.