தானாக வரும் என்று எழுதியவர்

நீங்கள் வாயைத் திறக்காததால் இன்னொருவருக்கு வேலை போயிருக்கிறதா? அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லப்போகிற மனிதரும் பதினோரு நாள் அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. ஒரு பெரிய நகரத்தின் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'ரெண்டு'. எதை வைத்திருந்தாலும் இரண்டாக வைத்திருப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கைப்பையில் இரண்டு மூக்குக்கண்ணாடி, இழுப்பறையில் இரண்டு சார்ஜர், மழைக்காலத்தில் இரண்டு குடை.

"ரெண்டு அண்ணே, வீட்ல அண்ணியும் ரெண்டு பேரா?" என்று அழைப்பு எடுக்கும் பிள்ளைகள் சீண்டுவார்கள்.

"ஒருத்திக்கே பதில் சொல்ல முடியல. போய் வேலையப் பாருங்க."

அவருடைய தொழிலே இரண்டாக வைத்துக்கொள்கிற தொழில்தான். மூன்றாவது மாடியில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பதினான்கு பேர் காதில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருப்பார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பற்கள் தந்தியடிக்கும் குளிரில் இரண்டு சர்வர்கள் நிற்கும். ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் அண்ணன், மற்றதற்குத் தம்பி. யாராவது அழைத்து முகவரி சொன்னால், எந்த வண்டி அருகில் இருக்கிறது என்று கண்டுபிடித்து ஓட்டுநரின் செல்போனுக்கு அனுப்பும் மென்பொருள் அண்ணன் மேல் ஓடும். அண்ணன் படுத்துவிட்டால் தம்பி எழுந்து அந்த வேலையைத் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படிச் சேர்த்துக் கட்டிய ஜோடிக்குத்தான் கிளஸ்டர் என்று பெயர்.

ஆனால் தம்பிக்குச் சொந்த புத்தி கிடையாது. எப்போது எழ வேண்டும் என்பதை ஒரு மனிதர் எழுதிவைக்க வேண்டும். திரையில் இரண்டே கேள்விகள். மெஷின் அணைந்து மீண்டும் உயிர்பெற்றால், இந்த மென்பொருள் தானாக ஓடத் தொடங்கட்டுமா, ஆள் வந்து சொல்லும்வரை காத்திருக்கட்டுமா? மெஷின் விழுந்தால், அடுத்த மெஷினுக்குத் தானாகப் போகட்டுமா, விழுந்த இடத்திலேயே கிடக்கட்டுமா? ஒவ்வொன்றுக்கும் 'தானாக' அல்லது 'கையால்' என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் முடிந்தது. சுட்டியை நான்கு முறை அழுத்துகிற வேலை. ஒரு நகரத்தின் மாரடைப்புகளும் சாலை விபத்துகளும் பிரசவ வலிகளும் அந்த நான்கு அழுத்தல்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ரெண்டு அந்தக் கேள்விகளுக்கு ஐந்து வருடமாகத் தவறான பதிலை வைத்திருந்தார். மறதியால் அல்ல, தெரிந்தேதான்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒருநாள் இரண்டு மெஷின்களையும் இணைக்கும் கேபிள் தளர்ந்துவிட்டது. அண்ணன் செத்துவிட்டான் என்று தம்பி நினைத்தது. தம்பி செத்துவிட்டான் என்று அண்ணன் நினைத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட, ஒரே விபத்துக்கு நான்கு ஆம்புலன்ஸ்கள் போய் நின்றன. மேலாளர் அவரைப் பத்துப் பேர் முன்னால் ஒரு மணி நேரம் நிற்கவைத்தார். "உன் மெஷினுக்குத்தான் மூளை இல்ல, உனக்குமா இல்ல?"

இதற்கு மருந்து உண்டு. மூன்றாவதாக ஒரு சின்ன மெஷினைச் சாட்சியாக வைத்தால், யார் உயிரோடு இருக்கிறார் என்பதை அது சொல்லிவிடும். அவர் மூன்று முறை எழுதிக் கேட்டார். "அடுத்த வருஷம் பாப்போம்" என்பதே மூன்று முறையும் பதில். நான்காவது முறை அவர் கேட்கவில்லை. யாரும் பார்க்காத ஒரு மதியம் இரண்டு பதில்களையும் 'கையால்' என்று மாற்றினார். நான்தான் இருக்கிறேனே, விழுந்தால் நானே அழுத்திவிடுவேன் என்பது அவர் கணக்கு. விடுமுறைக்குப் போனாலும் லேப்டாப்பைக் கூடவே தூக்கிக்கொண்டு போனார்.

அதுவரை அதைப் பயம் என்று மன்னிக்கலாம். அடுத்ததை மன்னிக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அண்ணனை வேண்டுமென்றே நிறுத்தி, தம்பி எழுகிறானா என்று பார்த்து, ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். 'தானியங்கி மாற்றம் (ஃபெயிலோவர்): சோதிக்கப்பட்டது, சரி.' சோதிக்காமலே ரெண்டு கையெழுத்துப் போட்டார். இருபது படிவங்கள். அந்த வரியை மட்டும் படிக்காமல் பேனாவை வேகமாக இழுத்துவிடுவாராம். அது போதாதென்று, பழைய குழப்பம் திரும்ப வரக்கூடாது என்பதற்காக சர்வர் திரையைக் கவனிக்கும் ஆபரேட்டர்களின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் சிவப்பு மையில் ஒரு தாளும் வைத்தார். 'சர்வர் விழுந்தால் ஆபரேட்டர் கையால் எதையும் தொடக்கூடாது. தானாக வரும்.'

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, அண்ணனின் மின்பலகை எரிந்தது.

அப்போது ரெண்டு பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். இரண்டு செல்போன்களும் கைப்பையில் சத்தமில்லாமல் துடித்தன. ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டர் முப்பது வயதுப் பெண், ஒப்பந்தத் தொழிலாளி, சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் அந்த இரண்டு போன்களுக்கும் ஒன்பது முறை அழைத்தார். திரையில் தம்பி எழவில்லை. தொடக்கப் பொத்தானை அழுத்த அவருக்கு அனுமதி இருந்தது. ஆனால் கண்ணாடிக்கு அடியில் சிவப்பு மை இருந்தது. தொடாமல் நின்றார். பதினான்கு பேரும் முகவரிகளைத் தாளில் எழுதி, ஓட்டுநர்களை ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ரெண்டு வந்தபோது பாதி உதடு மரத்திருந்தது. பொத்தானை அழுத்தினார். நாற்பது நொடியில் தம்பி எழுந்தது. மொத்தம் இருபத்து மூன்று நிமிடங்கள் போயிருந்தன. அந்த இடைவெளியில் பக்கவாதம் வந்த ஒரு தரைக்கல் பதிக்கும் தொழிலாளிக்கு வண்டி பதினெட்டு நிமிடம் தாமதமாகப் போனது. அவர் பிழைத்துக்கொண்டார். வலது கை இன்னும் சரியாக எழும்பவில்லை. அந்தப் பதினெட்டு நிமிடத்தால்தான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. அதனால் இல்லை என்றும் எழுதித் தரவில்லை.

தம்பி எழுந்ததும் ரெண்டு செய்த முதல் வேலை, திரையைத் திறந்து இரண்டு பதில்களையும் 'தானாக' என்று மாற்றியது. பதினொன்று முப்பத்து நான்குக்கு மாற்றினார். பின்னால் அவர் என்னிடம் சொன்னார்: "கை தானாப் போயிடுச்சு. அது பொய். கை தானாப் போகாது. நான்தான் அனுப்பினேன்."

மறுநாள் விசாரணை. மேலாளர், ஒப்பந்த நிறுவனத்தின் ஆள், ரெண்டு, அந்தப் பெண், நான்கு நாற்காலிகள்.

"ஃபெயிலோவர் தானாகத்தான் வெச்சிருக்கு. படிவம் இருக்கு, கையெழுத்து இருக்கு. இப்பப் பாத்தாலும் திரையில அப்படித்தான் இருக்கு" என்றார் மேலாளர். "மெஷின் சரி. அப்ப நீதான்மா எதையோ அழுத்தியிருக்க."

"நான் எதையும் தொடல சார். தொடக்கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கு."

"தொடலன்னா அது தானா வந்திருக்கணுமே?"

அந்தப் பெண் ரெண்டு பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க சார். தாள்ல அப்படித்தானே போட்டிருக்கு?"

ரெண்டு சொன்னது ஒரே சொல். "போட்டிருக்கு."

அது பொய்யில்லை. உண்மையை வைத்தே ஒருவரை அடிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தப் பெண் எதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரோ, அந்தத் தாளே அவரைக் குற்றவாளியாக்கியது. மூன்றாம் நாள் 'அஜாக்கிரதை' என்று எழுதிய கடிதத்தைக் கொடுத்து அவரை வெளியே அனுப்பினார்கள். போகும்போது ரெண்டின் மேசை அருகே நின்று, "உங்க பல் இப்ப எப்படி சார் இருக்கு?" என்று கேட்டாராம். உண்மையாகவே கேட்டார். அதுதான் ரெண்டைத் தூங்கவிடவில்லை.

பதினோராம் நாள் காலை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி ஒரு பள்ளியில் வேதியியல் ஆய்வகப் பணியாளர். எந்தக் குப்பியில் எது இருக்கிறது என்று தப்பாக ஒட்டினால் என்ன ஆகும் என்பது தினமும் தெரிந்தவர். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்றா?"

"தெரியல."

"தெரியலையா, தெரிஞ்சுக்கலையா?"

மனைவி சட்டையைத் திருப்பிப் போட்டார்.

"எல்லாத்துலயும் ரெண்டு வெச்சிருக்கீங்களே, நாக்கு ஒண்ணுதானே இருக்கு? அதை எதுக்கு மடிச்சு வெச்சிருக்கீங்க?"

அன்று லாக் பதிவை அச்செடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். பதினொன்று முப்பத்து நான்கு, அவருடைய பயனர் கணக்கு, பழைய பதில், புதிய பதில், எல்லாம் அதில் வரிவரியாக இருந்தன. மெஷினுக்கு முகதாட்சண்யம் கிடையாது, நடந்ததை நடந்தபடியே எழுதும்.

மேலாளர் ஒரு பக்கம் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். "விடுய்யா. முடிஞ்சுபோன விஷயம். நேரம் சரியில்ல, அன்னைக்கு அப்படி நடக்கணும்னு இருந்திருக்கு."

"நேரம் சரியாத்தான் இருந்துச்சு சார். செட்டிங்தான் சரியில்ல."

"அந்தப் பொண்ணு கான்ட்ராக்ட்தானே? இங்க இல்லன்னா இன்னொரு இடம். உனக்கு இருபது வருஷ சர்வீஸ். யோசிச்சுப் பாரு."

நேரம் சரியில்லை! நம் அலுவலகங்களில் இந்த இரண்டு சொற்களும் செய்திருக்கிற அட்டூழியத்தை யாராவது எண்ணிப்பார்க்க வேண்டும். செலவைத் தள்ளிப்போட்டவர், பொய்க் கையெழுத்துப் போட்டவர், பார்த்தும் பார்க்காமல் இருந்தவர், எல்லோரும் அந்தச் சொற்களுக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொள்கிறார்கள். ஒளிய இடமில்லாமல் வெட்டவெளியில் நிற்பது யார்? சம்பளப் பட்டியலில் கடைசி வரியில் இருப்பவர். மின்பலகை எரிந்தது தற்செயல். இருபத்து மூன்று நிமிடம் தற்செயல் அல்ல. பழி அந்தப் பெண் மேல் விழுந்ததும் தற்செயல் அல்ல. அவரைத் தள்ளிவிடுவது எல்லோரையும்விடச் சுலபம், அவ்வளவுதான்.

ரெண்டு யோசித்துப் பார்த்தார். அன்று மாலையே தலைமை அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பினார். இருபது படிவங்களையும் பற்றி எழுதினார். மூன்று முறை கேட்டும் கிடைக்காத சாட்சி மெஷினைப் பற்றியும் எழுதினார். அதை எழுதும்போது, பழியைப் பங்குபோடப் பார்க்கிறேனோ என்று கூசியதாம். அழித்தார். பிறகு, உண்மைதானே என்று மறுபடி எழுதினார்.

சாட்சி மெஷின் இரண்டு வாரத்தில் வந்து சேர்ந்தது. ஐந்து வருடமாக வராதது! ரெண்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, சர்வர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது கிடங்கில் பழைய கீபோர்டுகளுக்கு எண் ஒட்டுகிறார். மேலாளர் மேலாளராகவே இருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஒரு இரண்டாம் கடிதம் போனது. 'மறு ஆய்வில் தங்கள் மீது தவறு இல்லை எனத் தெரியவருகிறது.' ஒரே வரி. வேலை திரும்பவில்லை. ஒப்பந்த நிறுவனம் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டது.

ரெண்டு அவரைத் தேடிப் போனார். செல்போன் பழுதுபார்க்கும் கடையில், உருப்பெருக்கி விளக்கின் கீழ் உடைந்த திரை ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார் அந்தப் பெண். ரெண்டு வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார்.

"உள்ள வாங்க சார், வழியில நிக்காதீங்க, கஸ்டமர் வருவாங்க" என்றார் அந்தப் பெண். வேலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கடிதம் வந்துச்சு. நல்லா எழுதியிருக்காங்க. ஆனா மூணு இடத்துல இன்டர்வியூ போனேன். மூணு பேரும் பழைய ஆபீஸுக்கு போன் போட்டுக் கேக்கறாங்க. போனை எடுக்கறவங்க முதல் கடிதத்தைத்தான் படிக்கறாங்க. ஃபைல்ல மேல இருக்கறது அதுதானாம்."

"நான் போய்ச் சொல்றேம்மா."

"யாருக்கிட்ட சார் சொல்வீங்க? நீங்க இப்ப கீபோர்டு எண்ணிட்டு இருக்கீங்க." ஸ்க்ரூவைக் கிண்ணத்தில் போட்டார். "அன்னைக்கு அந்த ரூம்ல நாலு பேருதான் இருந்தோம். அப்பச் சொல்லியிருந்தா சுலபமா இருந்திருக்கும்."

தன்னைக் காப்பாற்றாமல் இதை எழுதுங்கள் என்று ரெண்டு என்னிடம் கேட்டது அதனால்தான். காப்பாற்றவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் ஆட்களை வேலைக்கு எடுக்கிறவர்கள் இருப்பீர்கள். 'அஜாக்கிரதை' என்று எழுதிய ஒரு கடிதம் நாளை உங்கள் மேசைக்கு வரும். பழைய அலுவலகத்துக்கு போன் போட்டு அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்: "அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?" அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். பிறகு முடிவெடுங்கள்.